உலாவி நிறுவுவோம்



சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவன் ஒருவன், மதுரையிலிருந்து தன் பாட்டி அனுப்பிய மின்னஞ்சலை வீட்டுக் கணினியில் திறந்தான். திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களே நின்றன. "பாட்டிக்குத் தட்டச்சு வரவில்லை போலும்" என்றான். பிழை பாட்டியுடையது அன்று. அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்கு என்ன செய்வது? முதலில் உலாவியை நிறுவக் கற்போம். பின்னர் அதற்கு வருவோம்.

இணையப் பக்கங்களைப் பெற்றுத் திரையில் காட்டும் மென்பொருளே உலாவி. நாம் எடுத்துக்கொள்ளும் இயங்குதளம் டெபியன். இயன் முர்டாக் என்பவர் 1993ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினார். டெப்ரா, இயன் என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே டெபியன். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம்; திருத்தலாம்; பிறருக்கு வழங்கலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

உலாவி வேண்டுமெனில் ஏதேனும் ஓர் இணையதளத்தில் தேடிப் பதிவிறக்குவது பலரது வழக்கம். போலித் தளங்கள் மலிந்த இக்காலத்தில் அது ஆபத்தானது. டெபியனில் அதற்குத் தேவையில்லை. சோதித்த மென்பொருள்களைத் தொகுப்புகளாக்கிக் களஞ்சியம் ஒன்றில் வைத்துள்ளனர். களஞ்சியத்தின் பட்டியல் மின்னணுக் கையொப்பம் இடப்பட்டது. வழியில் யாரேனும் தொகுப்பை மாற்றியிருந்தால் கணினி அதனை ஏற்க மறுக்கும்.

இனி, முனையத்தைத் திறவுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பே தரப்பட்டுள்ளது. முதற்கட்டளை 'சூடோ ஆப்ட் அப்டேட்'. இஃது எதனையும் நிறுவாது. களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். அடுத்தது 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்'.

'சூடோ' என்றால் நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்று பொருள். எனவே கடவுச்சொல் கேட்கப்படும். தட்டச்சிடும்போது திரையில் ஒரு புள்ளியும் தோன்றாது. விசைப்பலகை பழுதென்று எண்ணி அதனைத் தட்டாதீர்கள்! உங்களுக்கு அவ்வதிகாரம் இல்லையெனில், இச்செயல் பற்றி அறிவிக்கப்படும் என்று மிரட்டுவதுபோல் ஒரு செய்தி வரக்கூடும். அஞ்ச வேண்டா, காவலர் வரமாட்டார். கணினியை நிர்வகிக்கும் பெரியவரிடம் சொன்னால் போதும்.

பெயரின் இறுதியிலுள்ள 'இஎஸ்ஆர்' என்பதை விட்டுவிட்டால் டெபியனின் நிலைப் பதிப்பில் தொகுப்பு கிடைக்காது. நீண்டகால ஆதரவுடைய வெளியீடு என்பதை அது குறிக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்கு இடைவிடாது வரும். தோற்றமும் வசதிகளும் அடிக்கடி மாறா.

ஃபயர்பாக்ஸ் என்னும் பெயருக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 2002இல் அதன் பெயர் ஃபீனிக்ஸ். அப்பெயருக்கு வேறு உரிமையாளர் இருந்ததால் ஃபயர்பேர்ட் ஆயிற்று. அதற்கும் மறுப்பு எழவே 2004இல் ஃபயர்பாக்ஸ் ஆயிற்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நெருப்பு நரி'; ஆனால் சிக்கிமின் மாநில விலங்கான செம்பாண்டாவுக்கும் அப்பெயர் உண்டு. உலாவியின் சின்னத்தை டெபியனின் விதிகளின்படி தடையின்றி வழங்க இயலவில்லை. சின்னமின்றிப் பெயரை மட்டும் பயன்படுத்த மொசில்லா இசையவில்லை. ஆதலால் 2006இல் டெபியன் தன் பதிப்புக்கு 'ஐஸ்வீசல்' எனப் பெயரிட்டது. நெருப்புக்கு எதிராகப் பனி. நரிக்கு எதிராகக் கீரியை ஒத்த வீசல்! பத்தாண்டுகளுக்குப் பின், 2016இல், இரு தரப்பும் இசைந்து பழைய பெயர் மீண்டது.

இப்போது பாட்டியின் மடலுக்கு வருவோம். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதை அடுத்து 'ஃபான்ட்ஸ்-லோகித்-தமிழ்' என்னும் தொகுப்பின் பெயரைத் தட்டச்சிட வேண்டும். இறுதிச் சொல்லில் மட்டும் கவனம் தேவை. அதில் டி, ஏ, எம், எல் ஆகிய நான்கு எழுத்துகளே உண்டு, ஐ இல்லை. தமிழ் எழுத்துமுறைக்கான பன்னாட்டுக் குறியீடு அதுவே. பின்னர் உலாவியை மூடித் திறந்தால் கட்டங்கள் மறைந்து எழுத்துகள் தோன்றும். பாட்டி எழுதியிருந்தது ஒரே வரி: "தமிழில் பதில் எழுது."

பயிற்சி

1. முதற்கட்டளையைத் தராமல் இரண்டாவதை மட்டும் தந்தால் என்ன இடர் நேரலாம்?
2. பிரித்து எழுதுக: இஃது எதனையும், அவ்வதிகாரம், மூலநிரல்.
3. 'ஐஸ்வீசல்' போல, எதிர்ப்பொருள் தரும் சொற்களால் ஓர் உலாவிக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுக.
4. பாட்டிக்குப் பதில் மடல் ஒன்று எழுதுக.