காப்பி வடிகட்டியும் நம் கடமையும்

நல்ல காப்பி என்றதும் தூளின் தரம், பாலின் தரம், சிக்கரியின் அளவு ஆகியவற்றையே நாம் பேசுகிறோம். இவற்றிற்கிடையே நின்று பணிபுரியும் வடிகட்டியை நினைப்பவர் சிலரே. எதனால் வடிக்கிறோம், வடித்தபின் எதை எறிகிறோம் என்பது மனையியல் பயிலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும். வீட்டில் பயன்படும் வடிகட்டிகளைத் தாள், துணி, உலோகம் என மூவகையாகப் பிரிக்கலாம்.

தாள் வடிகட்டி

இதனைக் கண்டுபிடித்தவர் ஒரு குடும்பத் தலைவி என்பது நமக்குப் பெருமை தருவதாகும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் அம்மையார், காப்பியில் மண்டி கலந்து கசப்பதை விரும்பவில்லை. ஒரு பாத்திரத்தின் அடியில் துளையிட்டு, தம் மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை அதில் விரித்து, காப்பியை வடித்தார். 1908 ஆம் ஆண்டில் இம்முறையைப் பதிவு செய்து, ஒரு தொழிலையே தொடங்கினார்.

ஆயினும், தாள் ஒரு முறைக்கே உதவும். நாளொன்றுக்கு இரு முறை வடித்தால் ஆண்டுக்கு 730 தாள்கள்! மேலும், மரக்கூழின் இயல்பான நிறம் பழுப்பே. அதைக் குளோரின் வாயுவால் வெளுக்கும்போது டையாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகி, ஆலைக் கழிவுடன் ஆற்றில் கலக்கும். இது 1980-களில் தெரியவந்தபின் பல ஆலைகள் வேறு முறைகளுக்கு மாறின. எனவே தாள் வாங்குவோர் வெளுக்காத பழுப்புத் தாளையே கேட்டு வாங்குதல் நலம். அது காப்பிச் சக்கையோடு சேர்ந்து மண்ணில் மக்கிவிடும்.

துணி வடிகட்டி

பருத்தித் துணியைப் பல முறை பயன்படுத்தலாம். நைந்தபின் அதுவும் மக்கும். நைலான் வலை மக்காது. துணியில் காப்பியின் எண்ணெய் தங்கிச் சிக்குவாடை வீசுமாதலால், அவ்வப்போது வெந்நீரில் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். சோப்பு போட்டால் அதன் வாசனை காப்பியில் ஏறும்.

உலோக வடிகட்டி

நம் வீடுகளிலுள்ள பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டர் இவ்வகையைச் சார்ந்தது. ஒரு முறை வாங்கினால் பல்லாண்டு உழைக்கும். சக்கையைத் தவிர எறிவதற்கு எதுவுமில்லை. வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளைகள் நுண்ணியவையாயும் ஒரே சீராயும் இருக்க வேண்டும். பித்தளையாயின் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருக்க வேண்டும். குடும்பத்தின் தேவைக்கேற்ற அளவில் வாங்க வேண்டும். பெரிய பில்டரில் கொஞ்சம் தூள் போட்டால் நீர் விரைந்திறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும். துளை அடைத்தால் வெந்நீரில் ஊறவைத்து, அடிப்பக்கமிருந்து தேய்த்துக் கழுவலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உலோகமே சிறந்தது என்று முடித்துவிடலாமா? இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பியின் எண்ணெயில் காஃபெஸ்டால் என்னும் பொருள் உள்ளது. அது இரத்தத்தில் கொலஸ்டிராலைக் கூட்டும். தாள் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உலோகத் துளைகள் அவ்வளவு தடுப்பதில்லை. எனவே கொலஸ்டிரால் மிகுந்துள்ள பெரியவர்கள் வீட்டிலிருந்தால், மருத்துவரைக் கேட்டு, அவர்களுக்கு மட்டும் பழுப்புத் தாளில் வடித்துக் கொடுக்கலாம். உடல்நலத்திற்காகச் செலவாகும் தாள் வீணன்று. அதனைக் குப்பையில் எறியாமல் மண்ணுக்குக் கொடுத்தால் போதும். மற்றவர்களுக்கு வீட்டிலுள்ள பழைய பில்டரே ஏற்றது. அது நன்றாயிருக்கப் புதியது வாங்குவதும் ஒருவகை வீண்செலவே.

செய்து பாருங்கள்

தோழியரே! ஒரு வாரம் உங்கள் வீட்டுக் காப்பிச் சக்கையைச் சாக்கடையில் கொட்டாமல் தனியே சேர்த்து வையுங்கள். கொட்டினால் அது குழாயை அடைக்கும். காய்ந்த இலைகளுடன் கலந்து ஒரு குழியிலோ பழைய தொட்டியிலோ மக்கவிடுங்கள். சில மாதங்களில் நல்ல உரமாகும். பச்சைச் சக்கையைச் செடியின் அடியில் கனமாகப் பரப்பாதீர்கள். காய்ந்து இறுகி நீரை உள்ளே விடாது.

எந்தப் பொருளை வாங்கும்போதும் அதன் விலையை மட்டும் கேளாமல், பயன்படுத்தியபின் அது எங்கே போய்ச் சேரும் என்றும் கேட்போம். அக்கேள்வியைச் சமையலறையிலிருந்தே தொடங்குவோமாக!