புதிய பயிர்ப் பாதுகாப்புத் துவக்கைச் சுத்தஞ் செய்தலும் தோளுக்கு அமைத்தலும்

பெரும்போக நெல் குடலைப் பருவம் அடைந்திருக்கும் வேளையிற் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவு வயலினுட் புகுந்தால், விடியுமுன் பல மாத உழைப்புச் சேறாகிவிடும். இதன்பொருட்டே கமக்காரர் பலர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வாங்குகின்றனர். வாங்கிய துவக்கை அன்றிரவே வயலுக்குக் கொண்டுசெல்ல விரும்புவது இயல்பே. ஆயினும் அது தகாது. புதிய துவக்கு சுடுவதற்காக ஆயத்தஞ் செய்யப்பட்டதன்று. கப்பலிலும் களஞ்சியத்திலும் துருப்பிடியாது கிடப்பதற்காக ஆயத்தஞ் செய்யப்பட்டது. அதன் குழலினுள்ளும் பூட்டினுள்ளும் தடித்த கொழுப்பு அப்பப்பட்டிருக்கும். அக்கொழுப்போடு சுட்டால், குழலில் அழுத்தம் மிகும். வெடித்த தோட்டாவின் கோது அறையிற் சிக்கிக்கொள்ளும். அடிமுள்ளும் மந்தமாய் இயங்கும்.

எப்பணிக்கு முன்னரும் துவக்கு வெறுமையாயிருக்கின்றதா என்று பாருங்கள். மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துவக்குகளில் இது எளிது. திறந்தவுடன் தோட்டா அறை கண்ணுக்குத் தெரியும். முன்கட்டையை இழுத்துத் தள்ளி இயக்கும் தொடர்வெடித் துவக்கில் அவ்வாறன்று. குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். அறை வெறுமையாகத் தோன்றினும், முன்கட்டையை மீண்டும் ஒருமுறை இயக்கினால் அடுத்த தோட்டா அறையினுட் புகுந்துவிடும். ஆதலின் குழாயிலுள்ளவற்றை முற்றாக வெளியேற்றியபின், அறையையும் குழாயின் வாயையும் கண்ணாற் பார்ப்பதோடு விரலாலும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தோட்டாப் பெட்டி சுத்தஞ்செய்யும் அறையில் இருத்தலே கூடாது.

இனித் துவக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றுங்கள். மடிப்புத் துவக்காயின் முன்கட்டை, குழல், பிடங்கு என மூன்றாகப் பிரியும். தொடர்வெடித் துவக்காயின் குழாயின் நுனியிலுள்ள மூடியைத் திருகி எடுத்தபின் குழலை முன்னோக்கி உருவலாம். அதற்குமேற் போகவேண்டாம். விசைப் பகுதியிலுள்ள சிறிய விற்சுருள்களைக் கழற்றிப் பார்க்கும் ஆவல் பலருக்கு உண்டு. கழற்றியவற்றை மீளப் பொருத்தத் தெரிந்தவர் மிகச் சிலரே.

மண்ணெண்ணெயில் நனைத்த பழஞ்சீலைத் துண்டை மரக்கோலிற் சுற்றி, குழலின் பின்வாயிலிருந்து முன்வாய் நோக்கித் தள்ளுங்கள். மாறாகத் தள்ளினால் அழுக்கெல்லாம் பூட்டை அடையும். முன்வாயின் விளிம்பும் கோலில் உராயும். சீலை வெண்மையாக வெளிவரும் வரை துண்டுகளை மாற்றி மாற்றி இதனைச் செய்க. பின்னர் உலர்ந்த சீலையால் துடைத்துவிட்டு, குழலை வானத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். உட்சுவர் கண்ணாடிபோல் ஒளிர்தல் வேண்டும். கரும்புள்ளி இருந்தால் துரு. நிழல் வளையம் தென்பட்டால் குழல் அவ்விடத்திற் புடைத்துள்ளது. புடைத்த குழலை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதனைத் தட்டி நிமிர்த்தித் தருவோம் என்போரை நம்பவேண்டாம்.

தோட்டா அறையை முற்றிலும் உலர்ந்ததாகத் துடையுங்கள். பூட்டின் பகுதிகளைப் பழைய பற்றூரிகை கொண்டு மண்ணெண்ணெயாற் கழுவி உலர்த்தியபின், தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு துளி போதும். வீட்டில் எப்பொழுதும் கிடைப்பதென்று தேங்காயெண்ணெயைப் பூசுவோர் உளர். அது நாளடைவிற் காறிப் பிசினாகி அடிமுள்ளை இறுக்கிவிடும். பன்றி எதிரே நிற்கும்போது துவக்கு வாய்திறவாமைக்கு இதுவும் ஒரு காரணம். தொடர்வெடித் துவக்கின் தோட்டாக் குழாயினுள் எண்ணெய் தேங்க விடாதீர்கள். எண்ணெய் தோட்டாவின் அடியிலுள்ள பற்றுமருந்தினுட் கசிந்தால் தோட்டா பழுதாகும். மரப்பகுதிகளில் மண்ணெண்ணெய் படலாகாது. ஆளிவிதை எண்ணெய் சில துளிகளை உள்ளங்கையால் தேய்த்தால், மரம் மழைநீரை எளிதில் உறிஞ்சாது.

எண்ணெயிட்ட துவக்கை முதலிரவு முன்வாய் கீழே இருக்குமாறு, சாக்கின்மேற் சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மிகுதியான எண்ணெய் வடிந்து பிடங்கின் தலைமரத்தில் ஊறி, அதனை மென்மையாக்கிவிடும். பழைய துவக்குகள் பலவற்றின் பிடங்கு பூட்டோடு சேருமிடத்திற் கறுத்துப் பிளந்திருப்பதற்கு இதுவே காரணம்.

வயலுக்குப் புறப்படுமுன் குழலிலுள்ள எண்ணெயைத் துடைத்தெடுத்து, மீண்டும் ஒருமுறை குழலினூடாகப் பாருங்கள். இது வீண் சடங்கன்று. மண்ணாற் கூடு கட்டும் குளவிக்கு விரலளவு துளை எங்கிருந்தாலும் போதும். துவக்குக் குழல் அதற்கு மாளிகை. சில நாள் மூலையிற் கிடந்த துவக்கினுள் அது கூடு கட்டியிருக்கக்கூடும். பரணிலிருந்து இறங்கும்போது குழல்நுனி வரம்பிற் குத்தி மண் அடைவதும் உண்டு. இவ்வாறு அடைபட்ட குழலிற் சுட்டால், குழல் வெடித்து இடக்கை விரல்கள் போய்விடும்.

இதனினும் கொடிய அடைப்பு ஒன்று உண்டு. நம் கமக்காரரிடமுள்ள துவக்குகளிற் பெரும்பாலானவை பன்னிரண்டாம் இலக்கத்தவை. அதாவது குழலின் உள்ளளவுக்கு வார்த்த ஈயக் குண்டுகள் பன்னிரண்டு ஓர் இறாத்தல் நிறுக்கும். அக்குழலினுள் இருபதாம் இலக்கத் தோட்டா தவறி விழுந்தால், அது அறையைத் தாண்டி முன்னுள்ள ஒடுங்கிய பகுதியிற் சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகத் தோன்றும். அதன் பின்னே சரியான தோட்டாவை இட்டுச் சுட்டால், இரண்டும் ஒருங்கே வெடிக்கும். இருபதாம் இலக்கத் தோட்டாவை மஞ்சள் நிறத்திற் செய்யும் வழக்கம் இவ்வாபத்து நோக்கியே ஏற்பட்டது. இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். தோட்டாவின் நீளமும் பார்த்தல் வேண்டும். குழலின்மீது 65 அல்லது 70 மில்லிமீற்றர் என அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். 65 மில்லிமீற்றர் அறையில் 70 மில்லிமீற்றர்த் தோட்டா நுழையும். ஆயின் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாது அழுத்தம் ஏறும்.

துவக்கைத் தோளுக்கு அமைத்துக்கொள்ளல் அடுத்ததாகும். முழங்கையைச் செங்கோணமாக மடித்து, பிடங்கின் அடியை அதன் மடிப்பிற் பொருத்துங்கள். சுட்டுவிரலின் முதற்கணு விசையைத் தொடுமாயின் நீளம் சரி. பிடங்கு நீண்டிருந்தால், அவசரத்திற் கக்கத்துச் சட்டையிற் சிக்கும்; குறுகியிருந்தால், உதைப்பின்போது பெருவிரல் மூக்கில் மோதும். குறுகியதற்கு றப்பர் மெத்தை பூட்டலாம். நீண்டதைத் தக்க தொழிலாளி கொண்டு சிறிது அறுப்பிக்கலாம். ஒரே தடவையிற் கால் அங்குலத்துக்குமேல் அறுக்க வேண்டாம். அறுத்த மரம் மீள வளராது. மங்கலொளியிற் குறிமணி தெரியாவிடின், அதன்மேல் வெள்ளைத் தீந்தை ஒரு பொட்டு வைத்தாற் போதும்.

குழலிற் கைவைக்க வேண்டாம். சுமக்க எளிதென்று நுனியை அறுப்பது நுனியொடுக்கத்தை நீக்கிச் சன்னங்களைச் சிதறச் செய்யும், சட்டத்துக்கும் மாறானது. பொறித்த இலக்கத்தை அராவுதலும் அத்தகையதே. சுடுகலன்கள் பற்றிய 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். துவக்கைக் கம்பியிற் கட்டிப் பொறியாக வைக்கும் கட்டுத்துவக்கைப்பற்றிப் பேசவும் தேவையில்லை. அது பன்றிக்கும் அயலவருக்கும் வேறுபாடு அறியாது.

உங்கள் துவக்கு எவ்வாறு சன்னத்தை எறிகின்றது என்பதைப் பகலிற் பார்த்து வைத்தல் நன்று. பொலிசாருக்கு அறிவித்து, பின்னால் உயர்ந்த மண்மேடுள்ள இடத்தில், 40 யார் தூரத்திற் பெரிய தாளொன்றைக் கட்டிச் சுடுங்கள். சன்னங்கள் மிக நெருங்கி விழுந்த இடத்தில் 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து எண்ணுங்கள். நுனியொடுக்கம் முழுமையாயுள்ள குழல் நூற்றுக்கு எழுபது சன்னங்களை அவ்வட்டத்துள் இடும். ஒடுக்கமற்றது ஏறக்குறைய நாற்பதையே இடும். எஸ்.ஜி. தோட்டாவொன்றில் வழக்கமாக ஒன்பது சன்னங்களே உள. அவற்றுள் நான்கு மட்டுமே வட்டத்துள் விழுமாயின், அத்தூரத்திற் சுட்டால் பன்றி சாகாது. காயத்தோடு காட்டினுட் சென்று, மறுநாள் விறகெடுக்கச் செல்பவரைத் தாக்கும். அத்தகைய துவக்குடையோர் 25 யாருக்கு அப்பாற் சுடலாகாது. தவறிய எஸ்.ஜி. சன்னமோ பல நூறு யார் செல்லும். அடுத்த வயலின் காவற்குடில் எத்திசையில் உள்ளதென்று பகலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

விசையை இழுத்தும் வெடியாத தோட்டாவை உடனே எடுக்க வேண்டாம். குழலை ஆளில்லாத் திசையில் நீட்டியவாறே அரை நிமிடம் பொறுத்துத் திறவுங்கள்.

சுட்ட இரவிலேயே, எவ்வளவு களைப்பாயினும், குழலை ஒருமுறை துடைத்து எண்ணெயிடுங்கள். வியர்வைக் கைபட்ட வெளிப்புறத்தையும் துடையுங்கள். மாரிக்காலத்தில் விரலடையாளம் மறுநாளே துருவாகத் தெரியும். துவக்கைத் தோலுறையில் இட்டு வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய பெட்டகத்தில் துவக்கும், வேறோரிடத்தில் இறுக மூடிய தகரப் பேணியில் தோட்டாக்களும் இருத்தல் வேண்டும். இரண்டு திறப்புகளும் பிள்ளைகளின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.