முன் அச்சில் ஓசை எங்கே?

பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பின் முன்புறம் 'டக் டக்' என்கிறது. எந்தப் பாகம்? காதை மட்டும் நம்பக் கூடாது. இரும்பின் வழியே ஓசை எங்கும் பரவிவிடும். எது எப்போது சுழல்கிறது என்று பாருங்கள்.

முன்சக்கரம் வண்டியை இழுக்க வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் பல ஜீப்புகளில் அச்சுத்தண்டின் நுனியில் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. சக்கரத்தை 30 பாகை திருப்பினால், உள்தண்டு சீராகச் சுழன்றாலும் வெளித்தண்டு சுற்றுக்கு இருமுறை சுமார் 15 சதவீதம் விரைந்தும், இருமுறை சுமார் 13 சதவீதம் தளர்ந்தும் சுழலும். ஜாயின்ட் தேய்ந்திருந்தால் திருப்பத்தில்தான் அது 'டக் டக்' என்று தட்டும்.

இச்சோதனையை மணலில் செய்வதே நல்லது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. இவ்வகை ஜீப்பில் நான்கு சக்கர இயக்கத்தின்போது முன்னும் பின்னும் பிணைந்திருப்பதால், தார்ச்சாலையில் பழுதில்லாத வண்டியும் முறுகித் திமிறும்.

சில வண்டிகளில் சக்கரத்தை அச்சுத்தண்டிலிருந்து விடுவிக்கும் ஹப் பூட்டு இருக்கும். அதை விடுவித்து, பின்சக்கர இயக்கத்தில் ஓட்டினால் முன் அச்சுத்தண்டுகள் ஓய்ந்திருக்கும். ஓசையும் நின்றால் குற்றம் அச்சுக்குள். நிற்காவிட்டால் சக்கரத்துப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். தேய்ந்த பேரிங் சூடேறி இறுகினால் உயிருக்கே ஆபத்து!

பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? நண்பனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் சக்கரப் பேரிங்; மறையாவிட்டால் சக்கரம் திரும்பும் கிங் பின்.