விற்பதற்கு முன் அளந்து பார்

திருச்சி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பாவின் கார் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, புது பேட்டரி போட்டும் இரண்டு நாள் நிறுத்தினால் படுத்துவிடுகிறது, பட்டறையில் "மொத்த வயரிங்கும் போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள் என்றோ விற்றுவிடு என்றோ நான் இப்போது சொல்ல முடியாது. அந்தக் காரில் என்ன பழுது என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை. பேட்டரியை மாற்றினார்கள், அது ஊகம். வயரிங் போச்சு என்றார்கள், அதுவும் ஊகம். ஊகத்தை நம்பிப் புதுக் கார் கடனுக்குக் கையெழுத்துப் போடாதே.

மின்பழுது மனிதர்களைச் சீக்கிரம் கலங்கடித்துவிடும். எஞ்சின் புகை தள்ளினால் கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக் தேய்ந்தால் காதுக்குக் கேட்கிறது. கம்பிக்குள் நடப்பது தெரிவதில்லை. ஆனால் காரில் மிக எளிதாக அளக்கக் கூடியதும் மின்சாரம்தான். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். அறிவியல் ஆசிரியையான உனக்கு அதைப் பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில், இரவு முழுக்க நின்ற காரில், சாவி போடும் முன்னே பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வை. 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அடுத்து, சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு அம்மாவைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நொடியில் பார். 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் ஒன்று பேட்டரி சுமை தாங்கவில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மூன்றாவதாக, எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. நம் பட்டறைகளில் அதை இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பல நேரங்களில் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையோ ரெகுலேட்டரையோ மட்டும் மாற்றினாலே போதும். முழு ஆல்டர்னேட்டரை வாங்கச் சொன்னால் ஏன் என்று கேள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் எர்த்தைச் சந்தேகப்படு. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த கம்பி பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும். அதை முடுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், உங்கள் நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் நிற்கும் கார்களில் கம்பி முனையின் கண்ணிக்கு அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும். கம்பியின் உறையை விரலால் அழுத்தினால் உள்ளே நொறுங்குவது தெரியும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது அந்தப் பொடி தருகிற தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்றாலும் ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, புது எர்த் கம்பி போட்டுவிட வேண்டியதுதான். இதற்குப் போய் விற்கப்பட்ட நல்ல கார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

நீ சொன்ன இரண்டு நாள் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. நிற்கிற காரில் ஏதோ ஒன்று ரகசியமாக மின்சாரம் குடிக்கிறது. அரை ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். சிறிய கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் காலியாகிவிடும். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டபின், மைனஸ் கம்பியைக் கழற்றி, நடுவே 10 ஆம்பியர் அளவில் மீட்டரை இணை. இணைத்ததும் காரின் கம்ப்யூட்டர் (ஈசியூ) சற்று விழிக்கும். எண் அடங்கும்வரை காத்திரு. 0.05 ஆம்பியருக்குள் அடங்கினால் நலம். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடு. எதை எடுக்கும்போது எண் சரிகிறதோ, அந்தச் சர்க்யூட்டில்தான் பழுது. பெரும்பாலும் வெளிக்கடையில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா இவற்றில் ஒன்று அகப்படும். எலி கடித்த கம்பியாகவும் இருக்கலாம். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதே, மீட்டர் போய்விடும்.

இரண்டு காரியங்களை யார் சொன்னாலும் செய்ய விடாதே. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் தீயை வரவழைக்கிற வேலை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி "டைனமோ டெஸ்ட்" செய்வது அந்தக் காலத்துப் பழக்கம். இன்றைய கார்களில் அது ஆல்டர்னேட்டர் டயோடுகளையும் ஈசியூவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

சரி, எப்போதுதான் விற்பது? மூன்று நிலைகளில் நானே விற்கச் சொல்வேன். ஒன்று, காரைத் தூக்கிப் பார்க்கும்போது அடித்தளமும் சேஸிஸும் துருப்பிடித்து, குத்தினாலே ஓட்டை விழும் நிலையில் இருந்தால். கடலோரத்தில் இதுதான் முதல் எமன். எலக்ட்ரீசியனுக்குக் கொடுக்கும் காசு அங்கே வீண். இரண்டு, எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்து ஆயில் குடித்தால். மூன்று, கார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், அல்லது ஷார்ட் ஆகி மெயின் வயரிங் கிட் எரிந்திருந்தால். கனெக்டர்களுக்குள் புகுந்த நீர் உலர்ந்த பிறகும் அரிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று கிளம்பும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இதை விற்றுவிட்டு வேறொரு பழைய கார் வாங்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்.

பணக் கணக்கை எல்லோரும் தலைகீழாகப் போடுகிறார்கள். "80,000 ரூபாய் பெறாத காருக்கு 20,000 ரூபாய் செலவா?" என்று கேட்பார்கள். நீ ஒப்பிட வேண்டியது விற்பனை விலையோடு அல்ல, காரை மாற்றினால் ஆகும் செலவோடு. ஐந்து லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,400. அந்த 20,000 ரூபாய் இரண்டு தவணைக்குக்கூட வராது. சரிசெய்த கார் இன்னும் இரண்டு ஆண்டு நம்பகமாக ஓடினால் நீ வென்றாய். ஆனால் அப்படி ஓடும் என்று சொல்ல, பாடியும் எஞ்சினும் நன்றாக இருக்க வேண்டும். ஆக, முடிவைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான்.

மறு தட்டில் வைக்க வேண்டியவையும் உண்டு. காருக்கு 15 ஆண்டு நெருங்குகிறது. முடிந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்தாக வேண்டும் என்பதால் இந்தப் பழுதை எப்படியும் பார்த்தே ஆக வேண்டும். அதைவிடப் பெரிது உன் உயிர். ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும்தான் புதுக் கார்களுக்குக் கட்டாயமாயின. அப்பாவின் காரில் இரண்டும் இல்லை. ஊருக்குள் பள்ளிக்குப் போய்வர அந்தக் கார் போதும். தினமும் நெடுஞ்சாலையில் தஞ்சாவூர் போய்வரும்படி மாற்றல் வந்தால், வயரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதுகாப்பான காருக்கு மாறிவிடு. அந்தச் செலவுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

அப்பா நினைவுக்காக அந்தக் காரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பட்டறையில் ஒருவர் பயமுறுத்தினார் என்று விடவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஐந்து அளவுகளையும் எடுத்துத் தாளில் எழுது. அதோடு ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் போ. எந்தச் சர்க்யூட், எந்தப் பாகம், எவ்வளவு ஆகும் என்று அவர் சொல்லட்டும். காரைத் தூக்கி அடிப்பக்கத்தையும் காட்டச் சொல். பழுதின் பெயரைச் சொல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதே. அளவுகள் கைக்கு வந்ததும் எனக்கும் எழுது. சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா