இதய மருத்துவரைத் தேடும் முன் அட்டையைப் படிப்போம்

வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் கிளையில் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்கக் கேட்டு வருவோரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் திருமணம் அல்லது மருத்துவம் என்பதே விடையாக வருகிறது. மருத்துவம் எனில், இதயத்தின் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. “அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆனால் நாங்கள் பார்த்த டாக்டர் அதை ஏற்கமாட்டார் என்கிறார்கள்” என்பது நாங்கள் பலமுறை கேட்ட குறை. தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் வேலைக்கு வருவோரும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து குடிபெயர்ந்தோரும் இதையே சொல்கின்றனர்.

இக்குறையில் அட்டையைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் கலந்திருக்கிறது. அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவரைச் சேர்ப்பதில்லை, மருத்துவமனையைச் சேர்க்கின்றன. மருத்துவமனையைக்கூட முழுமையாக அன்று, துறைவாரியாகச் சேர்க்கின்றன. கண் சிகிச்சைக்கும் மகப்பேற்றுக்கும் சேர்ந்திருக்கும் ஒரு மருத்துவமனை, இதயத் துறையில் சேராமல் இருக்கலாம். ஆகவே “இந்த டாக்டர் அட்டையை ஏற்பாரா” என்று கேட்பதைவிட, “இந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்கு இத்திட்டத்தில் உள்ளதா” என்று கேட்பதே பயன் தரும். அதற்கான விடை தேசியத் திட்டத்தின் 14555 என்ற கட்டணமில்லா எண்ணில் கிடைக்கும். மருத்துவமனையிலேயே இருக்கும் ஆரோக்கிய மித்ரா என்னும் உதவியாளரிடமும் கேட்கலாம்.

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வயது என்ற வரம்பு இல்லை. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தல், பைபாஸ் அறுவை, வால்வு மாற்றுதல், பேஸ்மேக்கர் பொருத்துதல் ஆகியவை இதில் அடங்கும். மருத்துவமனையில் சேரும் முன் 3 நாள், வெளியேறிய பின் 15 நாள் வரையிலான பரிசோதனையும் மருந்தும் சேர்த்தியே. ஆனால் மாலையில் ஒரு கிளினிக்குக்குச் சென்று மருத்துவரைப் பார்த்து வரும் கட்டணம் இதில் வராது. நம் மக்கள் ஏமாற்றம் அடையும் முதல் இடம் இதுவே. அங்கே அட்டையை நீட்டுவதில் பயனில்லை. அம்மருத்துவர் மறுப்பதிலும் தவறில்லை.

கர்நாடகத்தில் இத்திட்டம் மாநிலத்தின் ஆரோக்கிய கர்நாடகத்தோடு 2018 இறுதியில் இணைக்கப்பட்டு, சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா டிரஸ்ட் வழியே நடத்தப்படுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம். மற்றவர்க்கு, திட்டம் வகுத்த சிகிச்சைச் செலவில் 30 விழுக்காடு மட்டும், அதுவும் ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்குள் என்பது அப்போது வகுத்த விதி. மீதி 70 விழுக்காட்டுக்குக் குடும்பமே பணம் திரட்ட வேண்டும். “முழுவதும் இலவசம்” என்று நம்பிப் போய்த் தவிப்போர் இவ்வகையினரே. இன்னொன்று, நோயாளி நேரே தனியார் மருத்துவமனைக்குச் செல்லாமல் முதலில் அரசு மருத்துவமனைக்குச் சென்று பரிந்துரைக் கடிதம் பெறுவதே இம்மாநில முறை. வைட்ஃபீல்டில் இருப்போர்க்குக் கே.ஆர்.புரம் அரசு மருத்துவமனையும், இந்திராநகரில் உள்ள சர் சி.வி.ராமன் பொது மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. இக்கடிதத்தை வீண் அலைச்சல் எனப் பலர் கருதுகின்றனர். எங்கள் கருத்தில், ஒரு நாள் அலைச்சல் சில லட்சங்களைக் காக்குமானால் அது அலைச்சல் அன்று. நெஞ்சுவலி வந்துவிட்டால் மட்டும் கடிதத்துக்கு நிற்கக் கூடாது. அவசர சிகிச்சைக்கு அது தேவையில்லை; 108-ஐ அழைப்பதே முதல் வேலை.

காப்பீடே தேவைப்படாத வழி ஒன்றும் வைட்ஃபீல்டிலேயே உண்டு. 2001 ஜனவரி 19 அன்று அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்த ஸ்ரீ சத்ய சாய் உயர் மருத்துவ அறிவியல் நிறுவனம் இதய சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. மெட்ரோவின் ஊதாத் தடத்தில் அதன் பெயரிலேயே நிலையம் உள்ளது. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முறை வரும்வரை காத்திருக்க நேரலாம். அரசு சார்ந்த ஜெயதேவா இதய நோய் மருத்துவமனை பன்னேர்கட்டா சாலையில் உள்ளது. 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் தடம் திறந்தபின் மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி.ரோட்டிலும் வண்டி மாறி அதன் வாயிலருகே இறங்க முடிகிறது. வயதானவரை அழைத்துச் செல்வோர்க்கு இது சிறு செய்தியன்று.

தொழில்நுட்பப் பூங்காக்களில் காவல், துப்புரவுப் பணி செய்வோர் பலர் தம் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தத்தைப் பார்த்தும் அதை மறந்துவிடுகின்றனர். மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் தொழிலாளிக்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடே பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்துகிறார். மனைவி மக்களுக்கும், சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் சிகிச்சை உண்டு. மருந்தகத்தில் தொடங்கி, இந்திராநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற ஒன்றின் வழியாக, தேவையெனில் இதயச் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். இங்கும் கடிதமின்றித் தாமாகச் சேர்ந்துகொண்டு பின்னர் பணம் கேட்பது கடினம்.

வங்கிக்காரர் என்ற முறையில் மேலும் ஒன்றைத் தெளிவாக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆண்டுதோறும் கணக்கிலிருந்து 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிவதைப் பாஸ்புத்தகத்தில் காட்டி, “இதில் ஆஞ்சியோ செய்யலாமா” என்று கேட்கின்றனர். இயலாது. 436 ரூபாய்க்கான ஜீவன் ஜோதி, கணக்குதாரர் இறந்தால் வாரிசுதாரருக்கு 2 லட்சம் தரும் ஆயுள் காப்பீடு. 20 ரூபாய்க்கான சுரக்ஷா பீமா விபத்துக்கு மட்டுமே உரியது; மாரடைப்பு விபத்தாகக் கருதப்படாது. இரண்டும் நல்லவை, தொடரவேண்டியவை. ஆனால் மருத்துவமனைக் கட்டணத்துக்கு உதவா.

குடும்ப அட்டை தமிழ்நாட்டில் இருக்கும் வாடிக்கையாளர்க்கும் ஒரு சொல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டை மையமாகக் கொண்டது. ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் பெயர் இருக்கும் குடும்பத்துக்கே வெளிமாநிலத்தில் பயன்படுத்தும் உரிமை தெளிவாக உண்டு. எந்தப் பட்டியலில் இருக்கிறோம், எந்த மாநிலத்தில் சிகிச்சை பெறப் போகிறோம் என்ற இரண்டையும் சொல்லி 14555-இல் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. 70 வயது கடந்தோர்க்கு வருமானம் பாராது 5 லட்சம் அளிக்கும் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது; அதைப் பற்றியும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.

மருத்துவமனையில் சேரும் நாளில் ஆதார், குடும்ப அட்டை, பரிந்துரைக் கடிதம், பழைய ஈ.சி.ஜி., எக்கோ அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து ஆரோக்கிய மித்ராவிடம் கொடுங்கள். முன் அனுமதி கிடைத்ததா என்று கேளுங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கே யாரேனும் முன்பணம் கேட்டால், எதற்கென்று எழுதி ரசீது தரச் சொல்லுங்கள். அதன் பிறகும் பணம் தேவை என்றால் வைப்பை முறிக்கும் முன் கிளை மேலாளரைப் பாருங்கள். வைப்பின் மீதே கடன் பெறும் வசதி இருக்கிறது, பல நேரங்களில் வட்டி இழப்பு அதில் குறைவு.