குடோன் வேலைக்குப் போகும் மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். தீபாவளி சேலுக்கு ஆள் எடுக்கிறார்களாம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆன்லைன் கம்பெனி குடோனில் திங்கட்கிழமை உன்னைச் சேரச் சொல்லியிருக்கிறார்களாம். உன் அப்பா போனில் சொன்னார். அதே மாதிரி ஒரு குடோனில் ஆறு வருஷம் பிக்கிங் பார்த்தவள் நான். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது படி.

பயப்பட வேண்டாம். அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது. மாசம் பிறந்தால் சம்பளம் அக்கவுண்டில் ஏறிவிடும். உன் தாத்தா அறுப்புக்குப் போய்விட்டுக் கூலிக்காக எத்தனை வாசலில் நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

புது ஆட்களுக்குப் பெரும்பாலும் பிக்கிங்தான் கொடுப்பார்கள். கையில் ஒரு ஸ்கேனர். எந்த வரிசை, எந்த ரேக், எந்தத் தட்டு என்று அதன் திரையில் வரும். போய் எடுத்து, பார்கோடைக் காட்டி, டோட்டில் போட வேண்டும். டோட் என்றால் பிளாஸ்டிக் கூடைதான். போட்ட அடுத்த நொடி இன்னொரு பொருளின் பெயர் வந்து நிற்கும். மணிக்கு இத்தனை எடுக்க வேண்டும் என்று ஒரு ரேட் உண்டு.

என் முதல் ராத்திரி ஷிப்ட்டில் மூன்றாவதாக வந்தது ஐந்து லிட்டர் குக்கர். அடித்தட்டில், உள்ளே தள்ளி இருந்தது. முட்டி போட்டு, தலையை ரேக்குக்குள் விட்டு, அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நிமிரும்போது மேல்தட்டில் நெற்றி இடித்தது. அடுத்து வந்தது ஒரு பொட்டு அட்டை, கை எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குக்கருக்கும் பொட்டுக்கும் ஸ்கேனர் ஒரே மாதிரி 'பீப்' என்றது. எங்கள் குடோனில் இரண்டுக்கும் ஒரே கணக்கு. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது. கனத்தையும் குனிவையும் தாகத்தையும் அந்த மெஷின் எண்ணாது, நாம்தான் எண்ண வேண்டும் என்று எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது. உனக்கு அத்தனை நாள் ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்கேன் செய்யாமல் இருக்கும் நேரத்தை எங்கள் குடோனில் 'ஐடில்' என்பார்கள். ஒரு நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, நேற்று உனக்குப் பதினொரு நிமிஷம் ஐடில், எங்கே போனாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாத்ரூமுக்குப் போயிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று சிறுநீர்த் தொற்று வந்து படுத்தபோதுதான் புரிந்தது. நீ ஒருநாளும் அதைச் செய்யாதே கண்ணு.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிப் போனதும் ஒரு சின்ன நோட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். போன் லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுபோக முடியாது. எந்த வரிசையிலிருந்து பாத்ரூமுக்குக் கிளம்பினேன், போய்ச்சேர எத்தனை நிமிஷம், திரும்ப எத்தனை நிமிஷம் என்று மூன்று வாரம் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து நடக்க மட்டுமே நாலு நிமிஷம். போக வர எட்டு. இன்னும் ஐந்து பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு பேர் கணக்கும் ஒத்துப்போயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஷிப்ட் மேனேஜரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு திரை, அவருக்கும் ஒரு நம்பர். நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். நடுவரிசையில் தண்ணீர் கேன் வந்தது. பாத்ரூம் நேரத்தை யார் முன்னாலும் கேட்பது நின்றது. ரேட் குறையவில்லை. அதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் போலவே வேறு ஊர்களில் எத்தனையோ பேர் நடந்ததை வெளியே சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆலன்டவுன் நகரை ஒட்டி அமேசானுக்கு ஒரு குடோன் உண்டு. 2011 கோடையில் உள்ளே இருந்த சூட்டில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களை ஏற்றிப்போக வெளியே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. 'மார்னிங் கால்' என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஊழியர்களிடம் பேசி இதையெல்லாம் எழுதியது. அதற்குப் பிறகுதான் குளிர்சாதனம் வந்தது.

நம் நாட்டிலேயே, 2024 மே மாதம், வடக்கே வெயில் கொளுத்தியபோது, ஹரியானாவின் மானேசரில் அமேசான் குடோனில் இப்படி ஒன்று நடந்ததாகச் செய்தி வந்தது. 24 அடி நீள லாரிகள் ஆறு. அவற்றிலிருந்து சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று ஊழியர்களை உறுதிமொழி எடுக்க வைத்தார்களாம். ஒரு இளைஞர் அதைப் பத்திரிகையிடம் சொன்னார். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே விசாரணைக்கு எடுத்து மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரான்சில் நடந்ததையும் கேள். தனிமனிதத் தகவல்களைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்று அங்கே இருக்கிறது. 2024 ஜனவரியில் அது அமேசானின் குடோன் நிறுவனத்துக்கு 3 கோடியே 20 லட்சம் யூரோ அபராதம் போட்டதாக அறிவித்தது. அந்தக் குடோன்களில் ஸ்கேனர் பத்து நிமிஷம் சும்மா இருந்தால் அதற்கு ஒரு குறி. ஒரு பொருளுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.25 நொடிக்குள் ஸ்கேன் செய்தால், அவசரப்பட்டுத் தப்பு செய்கிறாய் என்று அதற்கும் ஒரு குறி. மெதுவாய் இருந்தாலும் குற்றம், வேகமாய் இருந்தாலும் குற்றம். மனிதரை இவ்வளவு நுணுக்கமாக வேவு பார்ப்பது மிகை என்று அந்த அமைப்பு சொன்னது. எனக்கு அது யாரோ என் பக்கம் நின்று பேசியது போல இருந்தது.

எல்லா இடத்திலும் கணக்கு நமக்குச் சாதகமாக முடியும் என்று நினைத்துவிடாதே. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது செக்கிங்குக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நெவாடா மாநிலத்து அமேசான் குடோன்களில் ஏஜென்சி மூலம் வேலை பார்த்தவர்கள், தினமும் கிட்டத்தட்ட 25 நிமிஷம் இப்படி நிற்கிறோம், அதற்கும் சம்பளம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இருந்தாலும் வெளியே வந்த நேரத்தையும் நீ எழுதிவை.

இனி நம் ஊர் விஷயம். உன்னைச் சேர்ப்பது ஏஜென்சியாக இருந்தால், ஆர்டர் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார். சம்பள ஸ்லிப்பைக் கேட்டு வாங்கு. பி.எஃப்.புக்கு உன்னிடம் 12 சதவீதம் பிடித்தால், முதலாளி பங்கும் உன் யு.ஏ.என். கணக்கில் ஏறுகிறதா என்று மாசாமாசம் பார். எங்களுடன் இருந்த ஒரு பையனுக்கு எட்டு மாசம் பிடித்தார்கள், ஒரு பைசா கட்டவில்லை. சம்பளம் 21,000க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு, நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். அந்த நம்பரைச் சேர்ந்த அன்றே கேள். வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. தரும். அடிபட்டதை அன்றைக்கே பதிவு செய்யச் சொல். மறுநாள் சொன்னால் வீட்டில் விழுந்தாய் என்பார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஏஜென்சிக்காரர் சம்பளம் தராமல் ஏமாற்றினால் அதைத் தரும் பொறுப்பு கம்பெனியுடையது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

உட்காருவது பற்றியும் கேள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காக 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பேக்கிங் மேஜையில் உன்னைப் போட்டால் ஸ்டூல் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேள். கேட்பது தப்பில்லை.

பக்கத்து வரிசை ஆளிடம் பேசு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள், அரைகுறை இந்தி போதும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலேண்டில் 2022 ஏப்ரலில், அமெரிக்காவிலேயே முதல்முறையாக ஒரு அமேசான் குடோனில் சங்கம் ஜெயித்தது. 2,654 ஓட்டு சங்கம் வேண்டும் என்று, 2,131 வேண்டாம் என்று. மாதக்கணக்காகக் குடோன் வாசல் பஸ் ஸ்டாப்பில், ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துப் பேசிப் பேசித்தான் அதைச் சாதித்தார்கள். எங்கள் ஆறு பேர் கணக்கும் டீ டைமில் பேசியதில் வந்ததுதான்.

ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, ராத்திரி மூன்று மணிக்கு மேல் கால் வீங்கும். கனமானதைத் தூக்கும்போது முட்டியை மடக்கு, இடுப்பை வளைக்காதே. என் வலது முட்டி இன்றும் மாடிப்படியில் ஏறும்போது நோகிறது.

இந்தக் கவரில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. முதல் நாலு பக்கத்துக்கு நானே கோடு போட்டிருக்கிறேன்: தேதி, ஷிப்ட், உள்ளே போனது, வெளியே வந்தது, தண்ணீர் எத்தனை முறை. முதல் வாரம் எழுதிப் பார். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் நோட்டோடு வீட்டுக்கு வா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அத்தை