முகப்புத்திரை விரைந்து தோன்ற

முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் அடித்தளம் லினக்ஸ் ஆகும். இவ்வகைக் கைப்பேசியை முடுக்கியதும் முதலில் லினக்ஸ் இயங்கத் தொடங்கும். சற்று நேரத்தில் ‘சைகோட்’ என்னும் நிரல் எழும். கருமுட்டை என்பதே இச்சொல்லின் பொருள். பல செயலிகளுக்கும் பொதுவாகத் தேவைப்படும் நிரற்கூறுகளை அது முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவிடும். முகப்புத்திரை உட்பட ஒவ்வொரு செயலியும் அதிலிருந்தே கிளைக்கிறது. ஆகவே, ஒரே கூறுகளை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. நேரமும் நினைவகமும் மிச்சமாகின்றன.

எனினும், அளவுக்கு மீறி ஏற்றினால் கைப்பேசி எழுவதே தாமதமாகும். அணைந்துபோன கைப்பேசியை முடுக்கி அவசர உதவி கோருபவருக்கு ஒவ்வொரு நொடியும் முக்கியம் அல்லவா? எனவே, பொதுவானவற்றை மட்டும் முதலில் ஏற்றி, மற்றவற்றைத் தேவைப்படும்போது ஏற்றுகின்றனர். எதை முந்திச் செய்வது, எதைப் பிந்திச் செய்வது என்னும் தெளிவே வேகத்தைத் தருகிறது.